வீட்டுக்குப் பக்கத்தில் குடிமீட்புக் குழுவை எப்படித் தேடுவது? முதல் நாள் உள்ளே என்ன நடக்கும்?

புதியவள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வெகுநாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது நாற்பதைத் தொடுகிறது. கணக்கு எழுதும் வேலை, இரண்டு பிள்ளைகள். அவர்கள் தூங்கிய பிறகு குடிக்கிற பழக்கம் பல வருடமாக இருந்தது. முதலில் வாரக் கடைசியில், பிறகு தினமும். கடைசியில் காலையில் கை நடுக்கம் நிற்பதற்கே குடித்தாக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. கணவர்தான் மருத்துவமனையில் சேர்த்தார். உள்ளே வைத்து, மருந்து கொடுத்து, நடுக்கமெல்லாம் அடங்கிய பிறகு அனுப்பினார்கள். இப்போது வீட்டில் இருக்கிறேன், அடுத்த வாரம் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

வெளியே வரும்போது கொடுத்த சீட்டின் அடியில் மருத்துவர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: குடிமீட்புக் குழுவில் சேரவும். எந்தக் குழு, எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்பது, எதுவும் இல்லை. கேட்கலாம் என்று வாயெடுக்கும் முன்பே அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இணையத்தில் தேடினால் பணம் கட்டித் தங்கும் மறுவாழ்வு மையங்களின் விளம்பரம்தான் பக்கம் பக்கமாக வருகிறது. ஒரு பட்டியலில் மட்டும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிமீட்புக் குழு) கூட்டம் என்று முகவரி, கிழமை, நேரம் எல்லாம் இருந்தது. வியாழன் மாலை. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

நான் பயப்படுவது இதற்கெல்லாம்தான். அங்கே எல்லோரும் ஆண்களாக இருந்தால் நான் ஒருத்தி எப்படிப் போய் உட்காருவது? தெரிந்தவர் யாராவது இருந்துவிட்டால்? பல பேர் முன்னால் எழுந்து பேசு என்றால் என்னால் முடியாது. அப்புறம், ஏ.ஏ. என்றால் கடவுள், பிரார்த்தனை என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய் ரொம்ப வருடம் ஆகிறது. கணவர் கூட வரட்டுமா என்று கேட்கிறார். வரலாமா?

முதல் நாள் உள்ளே போனால் என்ன நடக்கும் என்று யாராவது விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


மூன்றாம் வரிசை எழுதியது:

தங்கச்சி, நானும் ஒரு பெண்தான். குடியை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், குடித்த காலத்திலும் ஆசிரியையாகத்தான் இருந்தேன். எங்கள் குழுவின் தொலைபேசியை முறைவைத்து எடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால் யாரும் எடுக்கவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. முதலில் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த எண்ணுக்குப் பின்னால் அலுவலகமோ சம்பளத்துக்கு ஆளோ பெரும்பாலும் இருக்காது. குடியை விட்ட யாரோ ஒருவர், தன் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டிருப்பார். எடுக்காவிட்டால் இரவு உணவு நேரத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். செய்தியும் அனுப்பலாம். “நான் குடியை நிறுத்த விரும்புகிறேன், உங்கள் கூட்டத்துக்கு வரலாமா?” இவ்வளவு சொன்னால் போதும். பேர் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு குடித்தீர்கள் என்று அவர்கள் விசாரிக்கவும் கூடாது. பேச்சு வந்த பிறகு இதையெல்லாம் கேளுங்கள்: பட்டியலில் உள்ள இடமும் நேரமும் மாறவில்லையே? பெண்கள் வருகிறார்களா? அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? எந்த வாசல் வழியாக வர வேண்டும்? வெளியே யாராவது ஒரு பெண் நின்று என்னைக் கூட்டிப்போக முடியுமா? கடைசிக் கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். நாங்கள் மனதார ஆசைப்பட்டுச் செய்கிற வேலை அது.

ஏ.ஏ. என்ற அமைப்பே இப்படித் தேடி அழைத்ததில் தொடங்கியதுதான். பில் வில்சன் என்ற பங்குத் தரகர் 1935 மே மாதத்தில் ஒரு வியாபார வேலையாக அமெரிக்காவின் அக்ரன் நகரத்துக்குப் போனார். அவர் குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. போன காரியம் கெட்டுப்போனது. ஊரில் தெரிந்தவர் யாரும் இல்லை, தங்கிய ஹோட்டலிலேயே மதுக்கூடமும் இருந்தது. குடித்துவிடுவோம் என்ற பயத்தில் அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியை எடுத்தார். பேச இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். ஒருவர் கொடுத்த பெயர்களில் ஒவ்வொருவராக அழைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு பெண்மணி மூலமாக பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். அந்த மருத்துவரும் குடியில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தவர். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஆம் தேதியைத்தான் ஏ.ஏ. தொடங்கிய நாளாகக் கணக்கு வைக்கிறார்கள். முதல் அழைப்பிலேயே சரியான ஆள் அவருக்கும் கிடைக்கவில்லை. அதனால் விடாமல் அழையுங்கள்.

தேடுவதற்கு வேறு வழிகளும் உண்டு. நீங்கள் தங்கியிருந்த வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்து அங்கே இருக்கும் சமூகப் பணியாளரிடமோ மனநல செவிலியரிடமோ கேளுங்கள். மருத்துவரைவிட அவர்களுக்குத்தான் அக்கம்பக்கத்துக் குழுக்கள் அத்துப்படி. எங்கள் ஆட்களில் சிலர் வார்டுகளுக்கே போய்ப் பேசுவார்கள், அதனால் நேரடிப் பழக்கம் இருக்கும். இணையத்தில் தேடுவதானால் ‘மறுவாழ்வு’ என்று பொதுவாகப் போடாதீர்கள், விளம்பரம்தான் வரும். ஏ.ஏ.வுக்குப் பல நாடுகளில் சொந்தத் தளம் இருக்கும். அதில் பகுதிவாரியாகக் கூட்டப் பட்டியல் போடுவார்கள். மீட்டிங் கைடு என்று ஒரு செயலியும் இருக்கிறது. எல்லா இடத்துக் கூட்டமும் அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் பட்டியலில் பார்த்ததை அழைத்து உறுதி செய்துகொள்வது நல்லது.

ஒன்றை மறக்காதீர்கள். குழுவில் சேர யாராவது பணம் கேட்டால் அது குழு இல்லை. ஏ.ஏ.வில் சேருகிற கட்டணமோ சந்தாவோ கிடையாது. கூட்டத்தில் ஒரு உண்டியலோ பையோ சுற்றி வரும், அறை வாடகைக்கும் அச்சடித்த தாள்களுக்கும் உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். புதிதாக வருகிறவர் போட வேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் அப்படியே நகர்த்திவிடுங்கள். வெளியார் தரும் நன்கொடையை வாங்குவதில்லை என்பது விதி.

இனி முதல் நாள். பெரும்பாலும் ஒரு மணி நேரம், சில இடத்தில் ஒன்றரை. பள்ளிக்கூடம், சமூகக் கூடம், வழிபாட்டு இடம் என்று எங்காவது வாடகைக்கு எடுத்த ஒரு அறையாக இருக்கும். அறை ஒரு மதத்துக்காரர்களுடையது என்பதால் குழுவும் அவர்களுடையது என்று அர்த்தமில்லை. நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ போட்டிருக்கும். ஒருவர் தலைமை தாங்குவார். அது பதவி கிடையாது, ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். தொடக்கத்தில் ஒரு சிறு அறிமுகம் வாசிப்பார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் இங்கே சேரத் தகுதி என்று அதில் வரும். புதியவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். கை தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம். பிறகு ஒருவர் தன் கதையைச் சொல்வார், அல்லது ஏ.ஏ.வின் மீட்சி வழியான பன்னிரண்டு படிகளில் ஒன்றை எடுத்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கே புத்தி சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வந்தால் “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்று சொல்லுங்கள், அடுத்தவருக்குப் போய்விடும். பல மாதம் அப்படியே உட்கார்ந்து கேட்டவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். முடிவில் அமைதி வேண்டி ஒரு சிறு பிரார்த்தனையைச் சேர்ந்து சொல்வது பல குழுக்களில் வழக்கம். நீங்கள் சும்மா நின்றால் போதும்.

கணவர் விஷயம்: திறந்த கூட்டம் என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம், அவரும் உள்ளே உட்காரலாம். மூடிய கூட்டத்தில் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். முதல் நாள் கூட வரட்டும், தப்பில்லை. ஆனால் இரண்டாவது முறையிலிருந்து தனியாகப் போய்ப் பாருங்கள் என்று சொல்வேன். வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது சில விஷயங்கள் வாயில் வராது. எனக்கு வரவில்லை.

பெண்கள் பற்றிக் கேட்டீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பல அறைகளில் ஆண்கள்தான் அதிகம். பெண்களுக்கென்றே தனிக் கூட்டங்கள் சில இடங்களில் நடக்கின்றன, தொலைபேசியில் அதையும் விசாரியுங்கள். ஆரம்பத்தில் பெண்ணுக்குக் குடிநோய் வருமா என்றே சந்தேகப்பட்டார்கள். மார்ட்டி மேன் என்ற பெண் 1939-இல் ஏ.ஏ.வுக்கு வந்தபோது கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லோருமே ஆண்கள். அவர் அங்கேயே இருந்து மீண்டார். குடிநோய் ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுவதற்கு 1944-இல் தனியாக ஒரு அமைப்பையே தொடங்கினார்.

இதில் நான் கண்டிப்பாகச் சொல்ல நினைப்பது, ஸ்பான்சர் என்று ஒருவரைப் பிறகு தேர்ந்தெடுப்பீர்கள். படிகளில் முன்னேற உதவுகிற மூத்த உறுப்பினர் அவர். அவர் பெண்ணாகவே இருக்கட்டும். புதிதாக வரும் பெண்ணிடம் உதவி செய்கிற மாதிரிப் பேசி வேறு எண்ணத்தோடு நெருங்குகிற ஆண் சில அறைகளில் இருப்பான். கூட்டம் முடிந்து வீட்டில் விடுகிறேன், தனியாகச் சந்தித்துப் பேசலாம் என்றால் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அங்கே இருக்கும் மூத்த பெண் யாரிடமாவது அன்றே சொல்லுங்கள். அவர்கள் கண்டுகொள்ளவில்லையா, அந்தக் குழுவை விட்டு வேறு குழுவுக்குப் போங்கள். குழுவை விடுங்கள், குழு தேடுவதை விடாதீர்கள்.

தெரிந்தவர் இருந்தால் என்ன செய்வது? அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருப்பார். உள்ளே பார்த்ததை, கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதில் நாங்கள் ரொம்பக் கறாராக இருப்போம். ஆனால் அது சட்டக் கட்டுப்பாடு இல்லை, மனிதர்கள் காக்கிற வாக்கு. அதனால் முதல் சில வாரம் வேலை இடத்தின் பேர், பிள்ளைகள் பள்ளியின் பேர் எல்லாம் பேச்சில் கொண்டுவராமல் இருங்கள்.

நிறைய எழுதிவிட்டேன். எந்தக் குழு என்று தேர்ந்தெடுக்க என் அளவுகோல் ஒன்றுதான். மனசு ரொம்ப மோசமாக இருக்கும் மாலையில், களைத்துப்போய் இருக்கும்போது, உங்கள் கால்கள் எந்த அறைக்குப் போகும்? பக்கத்தில் இருக்கிற, நேரம் ஒத்துவருகிற குழுதான் அது. தூரத்தில் பிரமாதமான குழு இருக்கலாம், மாதம் ஒருமுறை போகலாம். தவறாமல் போவதற்கு நடக்கிற தூரம் வேண்டும். அந்த வியாழன் கூட்டத்துக்கு முதலில் போங்கள். பிடிக்காவிட்டாலும் இன்னும் சில தடவை போய்ப் பாருங்கள், ஒவ்வொரு நாளும் பேசுகிறவர் வேறு, பேச்சும் வேறாக இருக்கும். கூடவே வேறு ஒரு குழுவையும் பாருங்கள்.


வார்டு செவிலி எழுதியது:

மேலே அக்கா சொன்னதோடு மருத்துவப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். நான் குடிநோய்ப் பிரிவில் வேலை செய்கிறவள்.

புதியவள், நீங்கள் மருத்துவமனையில் தங்கி நிறுத்தியது ரொம்பச் சரியான வழி. இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தினமும் அதிகமாகக் குடிக்கிறவர்கள், காலையில் நடுக்கம் உள்ளவர்கள், குழுவில் சேர்ந்த உற்சாகத்தில் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக்கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், படபடப்பு என்று வரும் நிலை உயிருக்கே ஆபத்து. அப்படி வந்தால் குழுவுக்குப் போன் செய்யாதீர்கள், அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

குழுவில் யாராவது “மாத்திரை சாப்பிட்டால் அது உண்மையான மீட்சி இல்லை” என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது ஏ.ஏ.வின் கொள்கையே கிடையாது, மருந்து விஷயம் மருத்துவரோடு பேச வேண்டியது என்றுதான் அவர்கள் வெளியீடுகளே சொல்கின்றன. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை குடிக்கிற உந்துதலைக் குறைக்கக் கொடுப்பவை. டைசல்ஃபிராம் வேறு மாதிரி: அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வரும், சிலருக்கு ஆபத்தாகவும் போகலாம். மதுசாரம் கலந்த இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம்கூட ஒத்துக்கொள்ளாது. அதனால் குடிப்பவருக்குத் தெரியாமல் வீட்டார் அதைக் கலந்து கொடுப்பது மிகத் தவறு. தயமின் என்ற பி1 வைட்டமின் எழுதியிருந்தால் சாதாரண சத்து மாத்திரைதானே என்று நிறுத்திவிடாதீர்கள். அது மூளைக்கும் நரம்புக்கும் வேண்டியது.

தூக்கம் சரியாக வர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அது மீட்சியின் ஒரு பகுதிதான். நாமாகவே தூக்க மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.


தனிவழி எழுதியது:

கடவுள் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எனக்கும் நம்பிக்கை கிடையாது. ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருவது உண்மைதான். “நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்” என்று அதை விரித்து எழுதியிருக்கிறார்கள், குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. நாத்திகர்களுக்கான ஏ.ஏ. குழுக்கள்கூடச் சில நாடுகளில் நடக்கின்றன. எனக்கு அப்படியும் ஒட்டவில்லை.

நான் போவது ஸ்மார்ட் ரெகவரி என்ற குழுவுக்கு. 1994-இல் தொடங்கியது. ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளரின் சிகிச்சை முறையை அடிப்படையாகக் கொண்ட கருவிகளைச் சொல்லித்தருவார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார். ஏ.ஏ. போல இல்லாமல் இங்கே ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் பதில் சொல்லலாம், கேள்வி கேட்கலாம். குடிப்பதால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன, நிறுத்தினால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று நான்கு கட்டம் போட்டு எழுதச் சொல்வார்கள். முதல் கட்டத்தை நேர்மையாக நிரப்பச் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. குடி எனக்கு என்ன கொடுத்தது என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. திட்டு மட்டும்தான் வாங்கியிருக்கிறேன். நான் எழுதியது ‘ராத்திரியில் யோசனை நிற்கிறது’ என்பதுதான். அதற்கு வேறு என்ன வழி என்று அன்றிலிருந்து தேட ஆரம்பித்தோம்.

பெண்களுக்கென்றே விமன் ஃபார் சோப்ரைட்டி என்ற அமைப்பு 1975-இல் ஜீன் கிர்க்பாட்ரிக் என்பவர் தொடங்கியது. பெண்கள் ஏற்கெனவே தங்களைத் தாழ்த்திக்கொண்டுதான் வருகிறார்கள், மேலும் பணிந்துபோகச் சொல்வது அவர்களுக்கு உதவாது, தன்மதிப்பை வளர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எனக்கு அது நியாயமாகத் தெரிகிறது.

இந்த இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான். நேரில் கூடும் குழுக்கள் ஏ.ஏ. அளவுக்குப் பரவலாக இல்லை. பல பேருக்கு இணையக் கூட்டம்தான் கிடைக்கும். இணையம் மோசமில்லை, கேமராவை அணைத்துவிட்டுக்கூடக் கேட்கலாம். ஆனால் நீங்கள் வரவில்லை என்றால் தேடுவதற்கு அங்கே ஆள் குறைவு. அதனால் ஒன்றை விட்டு ஒன்று என்று முடிவெடுக்க வேண்டாம். வியாழன் அந்த அறைக்குப் போங்கள், வேறொரு இரவு இணையத்தில் இதையும் கேளுங்கள்.

ஏ.ஏ. என் வழி இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2020-இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. முழுதாகக் குடிக்காமல் இருப்பது என்ற அளவில், ஏ.ஏ.வில் சேர்த்துவிடும் முறையான திட்டங்கள் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தன. கடவுள் நம்பிக்கை இல்லாதவனாகவே இதைச் சொல்கிறேன்: பக்கத்தில் இருப்பது அதுதான் என்றால் போய் உட்காருங்கள்.


இன்னொரு பக்கம் எழுதியது:

உங்கள் கணவருக்காக எழுதுகிறேன். என் மனைவிக்கும் இதே பிரச்சினை. குழுவுக்கு அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே நின்றுகொண்டே இருந்தேன். உள்ளே என்ன சொன்னாள், யார் என்ன சொன்னார்கள் என்று திரும்பும் வழியெல்லாம் கேட்பேன். அவளுக்கு அது விசாரணையாக இருந்திருக்கிறது.

குடும்பத்தாருக்குத் தனியாக அல்-அனான் என்று குழு உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்நின்று 1951-இல் உருவானது. அங்கே முதலில் கேட்ட விஷயம்: இந்த நோயை நான் உண்டாக்கவில்லை, நான் கட்டுப்படுத்த முடியாது, நான் குணப்படுத்தவும் முடியாது. பாட்டில் தேடுவது, வாயை முகர்ந்து பார்ப்பது, பணத்தை எண்ணுவது எல்லாவற்றையும் மெல்ல மெல்ல விட்டேன். எங்கள் ஊர்க் குழுவில் கணவன்மார் குறைவு, பெண்கள்தான் நிறைய. ஆனாலும் அவர்கள் பேசியது எல்லாம் என் வீட்டுக் கதைதான். பிள்ளைகள் பதின்ம வயதினர் என்றால் அவர்களுக்கு அலட்டீன் இருக்கிறது. உங்கள் கணவர் உங்கள் கூட்டத்துக்கு வருவதைவிட அவருடைய கூட்டத்துக்குப் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.


புதியவள் எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கணவரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அல்-அனான் பற்றிய பதிலை அவர் திரும்ப ஒருமுறை வாங்கி வாசித்தார்.

வார்டுக்கு அழைத்தேன். சமூகப் பணியாளர் பொறுமையாகப் பேசினார். அந்த வியாழன் கூட்டம் நடப்பது உண்மைதான், நேரம் மட்டும் அரை மணி தள்ளிப் போயிருக்கிறதாம். பட்டியலில் பழைய நேரம்தான் இன்னும் இருக்கிறது. பெண்கள் சிலர் வருவார்கள் என்றும் சொன்னார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி, கேட்கவே சங்கடமாக இருக்கிறது. வியாழனுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. வேலைக்குத் திரும்பும் நாளை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அதற்கு முன்னால் நான் குடித்துவிட்டால் கூட்டத்துக்குப் போகலாமா? போனால் வெளியே அனுப்பிவிடுவார்களா?


மூன்றாம் வரிசை எழுதியது:

போகலாம். கண்டிப்பாகப் போங்கள். அன்றே குடித்திருந்தாலும் போங்கள். குடித்த அன்று பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கச் சொல்வது பல குழுக்களில் வழக்கம், அவ்வளவுதான். கலாட்டா செய்தால் ஒழிய யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். குடித்துவிட்டோமே, இனி எந்த முகத்தோடு போவது என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்களைத்தான் நாங்கள் இழக்கிறோம். ஆனால் ஒரு தடவையோடு நிற்காமல் தொடர்ந்து சில நாள் குடித்துவிட்டால் செவிலித் தங்கை சொன்னதுதான், நீங்களாக நிறுத்தப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வேலைக்குத் திரும்பும் நாளைப் பற்றி: பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் எது இருந்தாலும் குடி நினைப்பு வரும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். முதல் நாள் வேலை முடிந்து வரும்போது நான்கும் சேர்ந்தே இருக்கும். அதனால் அன்று மாலைக்கு ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவிடுங்கள். வந்ததும் சாப்பிட வேண்டும், கணவர் வீட்டில் இருக்க வேண்டும், பிள்ளைகள் தூங்கிய பிறகு வரும் அந்த நேரத்தில் யாரிடமாவது போனில் பேச வேண்டும். இணையக் கூட்டத்தை அன்று இரவுக்கே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மிச்சம் எங்காவது ஒளித்து வைத்திருந்தால் இன்றே கணவரிடம் இடத்தைச் சொல்லி எடுத்துவிடச் சொல்லுங்கள். அவர் தேடி எடுப்பது வேறு, நீங்கள் சொல்லி எடுப்பது வேறு.

வியாழன் பகலில் அந்த எண்ணுக்கு இன்னொரு முறை அழைத்து, புதிதாக ஒரு பெண் வருகிறாள், மாறிய நேரம் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள், கூட்டம் தொடங்கிய பிறகு நுழைவதைவிட அது சுலபம். முடிந்ததும் உடனே கிளம்பாமல் அங்கே இருக்கும் பெண்களிடம் தொலைபேசி எண் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமலே கொடுப்பார்கள்.